ஃபோர்ஸ் போட்ட காலை: நெல் ஆலைக் கணக்கும் கிட் பழகிய நால்வர் குழுவும்

ஒப்படை கொடுக்க ஒரு நாள் இருக்கும்போது, காலை ஏழு மணிக்குக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி விழுகிறது: "மச்சான், புஷ் எடுக்குதில்ல. நெட்ல பார்த்து ஃபோர்ஸ் போட்டன். இப்ப ஓகே." அரை மணித்தியாலம் கழித்து இன்னொருவர்: "என்ட ராத்திரி வேலை ஒண்டையும் கிட்ஹப்ல காணல்லையே?" ராத்திரி அவர் அனுப்பியிருந்தவை ஆறு கொமிட்டுகள், அதாவது குறிப்போடு சேமித்த ஆறு மாற்றங்கள். ஆறும் குழுவின் பொதுப் பிரதியான மெயின் கிளையிலிருந்து மறைந்திருந்தன.

கிட் என்பது கோப்புகளில் நடக்கும் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் மென்பொருள். கிட்ஹப் அந்த வரலாற்றை இணையத்தில் வைக்கும் தளம், அங்கே கொமிட்டுகளை அனுப்புவது புஷ். இந்த ஆய்வில் வரும் குழு ஒரு மாதிரிக் குழு. கிட் பழகத் தொடங்கும் மாணவர்கள் வழக்கமாக விடும் தவறுகளை ஒரே ஒப்படைக்குள் கொண்டுவந்து கட்டியிருக்கிறோம். கிட் நடந்துகொள்ளும் விதமும் மீட்கும் படிகளும் உள்ளது உள்ளபடியே. கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில், பெரிய எழுத்து என்று சொல்லும் இடம் தவிர, அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கட்டளையோடு சேர்க்கச் சொல்லும் தனி எழுத்துக்கு முன் ஒற்றைக் கோடும், குளோபல், காஷ்ட், ஹார்ட் போன்ற சொல்லுக்கு முன் இரட்டைக் கோடும் வர வேண்டும்.

குழுவும் வேலையும்

நால்வரும் கிழக்கிலங்கையின் ஊர்களைச் சேர்ந்தவர்கள்: கல்லடி மாணவி ஒருவர், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று மாணவர்கள் மூவர். முதலாம் ஆண்டு. ஆறு கிழமைக்குள் முடிக்க வேண்டிய ஒப்படை, நெல் ஆலை ஒன்றின் கொள்வனவுக் கணக்குச் செயலி. கமக்காரர் பெயர், மூட்டை எண்ணிக்கை, மொத்த எடை, ஈரப்பதன் ஆகியவற்றைக் கொடுத்தால் நிகர எடையும் கொடுக்க வேண்டிய பணமும் வர வேண்டும். பைத்தன் நிரல்மொழியில் எழுதி, எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேமிப்பது என்று முடிவு. கணக்கு விதியைக் குழு தானே வைத்துக்கொண்டது: மூட்டைக்கு ஒரு கிலோ சாக்கு எடை கழிவு, ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு வீதத்துக்கும் எடையில் ஒரு வீதம் கழிவு.

வேலை நடந்தது மார்கழி மழைக்குள். வகுப்பு நடக்காத நாட்களில் நால்வரும் நாலு ஊரில். ஒரே மேசையில் இருந்து எழுதியிருந்தால் இந்தப் பிரச்சினைகளில் பாதி வெளியே தெரிந்திருக்காது என்பதும் உண்மைதான்.

முதல் இரண்டு கிழமை ஸிப் கோப்புகளிலேயே போனது. "ஃபைனல்", "ஃபைனல் 2", "இதுதான் ஃபைனல்" என்ற பெயர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கணினி தொட்ட எல்லோருக்கும் தெரிந்த கதை. மூன்றாம் கிழமை விரிவுரையாளர் "கிட்டில் போடுங்கள்" என்றதும், குழு கிட்ஹப்பில் ஒரு ரிப்போ (கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) திறந்து, பிரவுசரிலேயே கோப்புகளை இழுத்துப் போடத் தொடங்கியது. முதல் உண்மையான சேதம் அங்கேதான்.

சத்தமில்லாமல் அழிந்த பதினெட்டு வரி

சம்மாந்துறை மாணவர் கணக்குக் கோப்பில் ஈரப்பதன் கழிவை எழுதி ஏற்றினார், பதினெட்டு வரி. மறுநாள் கல்லடி மாணவி அதே கோப்பில் மேலே ஒரு தலைப்பை மாற்றி ஏற்றினார். அவருடைய மடிக்கணினியில் இருந்த பிரதி இரண்டு நாள் பழையது. ஈரப்பதன் வரிகள் அதில் கிடையாது. பிரவுசர் வழியாக ஏற்றும்போது கோப்பு முழுதாக மாற்றி வைக்கப்படுகிறது. ஆகவே புதிய கொமிட் சொன்னது இரண்டு விடயம்: தலைப்பு மாறியது, பதினெட்டு வரி நீக்கப்பட்டது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

"கிட் ஏன் முரண்பாடு என்று சொல்லவில்லை?" என்பதுதான் குழு கேட்ட முதல் நல்ல கேள்வி. இரண்டு பேரின் மாற்றங்கள் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து பிரிந்து போய், பிறகு சேரும்போது மட்டுமே கிட்டுக்கு முரண்பாடு தெரியும். இங்கே பிரிவே நடக்கவில்லை. கடைசிக் கொமிட்டின் மேல் அடுத்த கொமிட்டாக இது ஏறியது. வேண்டுமென்றே வெட்டிய வரிக்கும் தெரியாமல் விழுந்த வரிக்கும் கிட்டின் கண்ணில் வித்தியாசம் இல்லை. அதே மாற்றத்தைக் குளோன் எடுத்த, அதாவது வரலாற்றோடு முழுதாக இறக்கிய பிரதியில் செய்து புஷ் போட்டிருந்தால், பழைய பிரதி என்பதற்காக அந்தப் புஷ் மறுக்கப்பட்டிருக்கும்.

காணாமற்போன வரியைத் தேடுவதிலும் ஒரு தடுமாற்றம். குழு முதலில் பார்த்தது கிட் பிளேம். அது கோப்பில் இப்போது இருக்கும் வரிகளை யார் எழுதினார் என்று மட்டும் காட்டும். இல்லாத வரிக்கு அதனிடம் பதில் கிடையாது. அதற்கான கட்டளை கிட் லொக், அதோடு ஒற்றைக் கோடும் பெரிய எஸ் எழுத்தும் போட்டு, இடைவெளி விடாமல் தேடும் சொல். அந்தச் சொல் எந்தக் கொமிட்டில் நுழைந்தது, எந்தக் கொமிட்டில் வெளியேறியது என்று இரண்டையும் அது தரும். ஈரப்பதன் மாறியின் பெயரைக் கொடுத்ததும் இரண்டு கொமிட் வந்தன: ஒன்று எழுதியது, ஒன்று அழித்தது. அழித்த கொமிட்டின் தலைப்பு, கிட்ஹப் தானாக இடும் "கோப்புகள் ஏற்றப்பட்டன" என்ற வாசகம். அப்படி இருபத்தைந்து கொமிட் வரிசையாக இருந்தால், எதில் என்ன நடந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

இதன் பிறகுதான் நால்வரும் தங்கள் கணினிகளில் கிட்டை நிறுவினார்கள்.

நிறுவும்போது வந்த சிக்கல்கள்

முதலாவது, பெயர். கிட் கொன்ஃபிக்கில் குளோபல் என்று போட்டுப் பெயரும் மின்னஞ்சலும் கொடுப்பது வழக்கம். சொந்தக் கணினியில் அது சரி. ஆய்வுகூடத்தில் எல்லோரும் ஒரே விண்டோஸ் கணக்கில் நுழையும் கணினியில், முதலில் இருந்தவரின் பெயர் அப்படியே தங்கிவிடும். அடுத்தவர் செய்யும் கொமிட் எல்லாம் முன்னவர் கணக்கில் ஏறும். புள்ளி வழங்குபவர் யார் எவ்வளவு செய்தார் என்று லொக்கில் பார்க்கும்போது இது சண்டையாகும். பொதுக் கணினியில் குளோபலை விட்டுவிட்டு, ரிப்போவின் ஃபோல்டருக்குள் நின்று அதே கட்டளையைக் கொடுத்தால் பெயர் அந்த ரிப்போவோடு நிற்கும்.

கொன்ஃபிக்கில் கொடுக்கும் பெயருக்கும் கிட்ஹப்பில் நுழையும் கணக்குக்கும் தொடர்பில்லை. முன்னவரின் நுழைவு விண்டோஸின் கிரெடென்ஷியல் மனேஜரில் சேமிக்கப்பட்டிருந்தால், உங்கள் புஷ்ஷுக்கு 403 என்ற மறுப்பு வரும். அங்கே போய் கிட்ஹப் பதிவை நீக்கினால் அடுத்த முறை கிட் புதிதாகக் கேட்கும். கேட்கும்போது சாதாரணக் கடவுச்சொல்லை அடித்தால் ஏற்காது. 2021 ஓகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கிட்ஹப் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. பிரவுசர் ஊடாக நுழைய வேண்டும், அல்லது கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கொடுக்கும் டோக்கன் எடுக்க வேண்டும். பழைய வீடியோக்களைப் பார்த்துப் பழகுபவர்கள் இங்கே ஒரு மாலையையே தொலைக்கிறார்கள்.

இரண்டாவது, இடம். அக்கரைப்பற்று மாணவர் குளோன் எடுக்காமல் டெஸ்க்டொப்பில் நின்றபடி, நிற்கும் ஃபோல்டரையே புதிய ரிப்போ ஆக்கும் கிட் இனிட் அடித்தார். இப்போதைய நிலையைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸ் போட்டதும் கல்யாண வீட்டுப் படங்கள், பாட்டுகள், பழைய ஒப்படைகள் எல்லாம் சிவப்பில் வந்தன. டெஸ்க்டொப்பில் உருவான டொட் கிட் என்ற மறைந்த ஃபோல்டரை நீக்கினால் போதும், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நீக்கும் முன் நிற்கும் இடத்தை உறுதிப்படுத்த வேண்டும்; உண்மையான ரிப்போவின் டொட் கிட்டை நீக்கினால் அந்தப் பிரதியின் வரலாறு முழுதும் போய்விடும். இதன் தம்பி இன்னொரு தவறு: ஒரு ரிப்போவுக்குள் இன்னொரு ரிப்போவை அப்படியே பிரதிபண்ணி வைப்பது. கிட்ஹப்பில் அந்த ஃபோல்டர் பெயர் தெரியும், திறக்க வராது. உள்ளே இருப்பவை கோப்புகளாக ஏறவில்லை, ஒரு சுட்டி மட்டும் ஏறியிருக்கிறது.

மூன்றாவது, எதை உள்ளே விடக் கூடாது என்பது. பைத்தனுக்குத் தேவையான துணை நூலகங்கள் கிடக்கும் வேர்ச்சுவல் என்விரன்மென்ட் ஃபோல்டரையும் சேர்த்து, எல்லாவற்றையும் கொமிட்டுக்கு எடுக்கும் கிட் அட் புள்ளி போட்டதால் ஆயிரக்கணக்கான கோப்புகள் கொமிட்டுக்குள் போயின. கைத்தொலைபேசி டேட்டாவில் புஷ் போடும் வீட்டில் இது பணம். டொட் கிட்இக்னோர் கோப்பில் பிறகு அந்தப் பெயரை எழுதினார்கள். ஒன்றும் மாறவில்லை, ஏனென்றால் இக்னோர் புதிய கோப்புகளுக்குத்தான், ஏற்கனவே கிட் கண்காணிப்பவற்றுக்கு இல்லை. கிட் ஆர்எம் கட்டளையோடு ஃபோல்டருக்கான ஆர் எழுத்தையும் காஷ்ட் என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்தால், கணினியில் ஃபோல்டர் இருக்கும், கண்காணிப்பு மட்டும் நிற்கும். வரலாற்றில் ஏறிய பாரம் அப்படியே கிடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 100 எம்பிக்கு மேற்பட்ட ஒரு கோப்பு வரலாற்றில் இருந்தால் கிட்ஹப் புஷ்ஷையே ஏற்காது, அடுத்த கொமிட்டில் அதை நீக்கியிருந்தாலும்கூட.

எஸ்கியூலைட் தரவுக் கோப்பும் இந்த வகைதான், கொஞ்சம் மோசமானது. அது இரும வடிவம். இருவர் ஆளுக்கொரு கமக்காரரைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு கோப்பையும் கிட்டால் சேர்க்க முடியாது. ஒன்றை எடு, மற்றதை விடு என்றுதான் கேட்கும். அட்டவணைகளை உருவாக்கும் எஸ்கியூஎல் கோப்பையும், ஐந்தாறு மாதிரிப் பதிவுகளையும் உரையாக ரிப்போவில் வைத்து, தரவுக் கோப்பை இக்னோரில் போடுவதே வழி.

தமிழ்க் கோப்புப் பெயர் பற்றி ஒன்று. சம்மாந்துறை மாணவர் உதவிக் குறிப்புக்கு "வாசிக்க" என்று தமிழில் பெயர் வைத்திருந்தார். ஸ்டேட்டஸில் அந்த இடத்தில் பின்சாய்கோடு 340, பின்சாய்கோடு 256 என்று எண்களாக வந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழிக்கப் பார்த்தார். ஆங்கிலமல்லாத எழுத்துகளின் பைட்டுகளைக் கிட் எண்மான எண்களாகக் காட்டுவது அதன் இயல்பு அமைப்பு. கோர் புள்ளி குவோட்பாத் என்ற அமைப்பைக் கொன்ஃபிக்கில் ஃபோல்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும். கொமிட் செய்தியைத் தமிழில் எழுதுவதற்கும் தடை கிடையாது. சில கறுப்புத் திரைகளில் எழுத்து உடைந்து தெரியும், உள்ளே சரியாகவே இருக்கும்.

2522 கிலோவா, 2406 கிலோவா

ஐந்தாம் கிழமை குழு கிளைகளில், அதாவது மெயினிலிருந்து பிரிந்த தனி வழிகளில், வேலைசெய்யத் தொடங்கியிருந்தது. கிட் சுவிட்ச்சும் அதனோடு சி எழுத்தும், கிளையின் பெயரும்; அவ்வளவுதான். கல்முனை மாணவர் ஒரு கிளையிலும் கல்லடி மாணவி இன்னொரு கிளையிலும் கணக்குக் கோப்பின் அதே இரண்டு வரிகளை மாற்றினார்கள். இருவர் கோப்பிலும் நிகர எடை என்ற மாறி தொடக்கத்தில் மொத்த எடைக்குச் சமம். கல்முனை மாணவர் முதலில் சாக்கைக் கழித்துப் பிறகு ஈரப்பதனைக் கழித்தார். கல்லடி மாணவி முதலில் ஈரப்பதன், பிறகு சாக்கு.

இரண்டு கிளைகளையும் ஒன்றாக்க மேர்ஜ் போட்டதும் முரண்பாடு. கோப்பைத் திறந்தால் ஏழு < குறிகளோடு ஹெட் என்ற சொல், அதன் கீழ் நாம் நிற்கும் கிளையின் வரிகள், நடுவில் ஏழு சமக் குறி, அதன் கீழ் வரும் கிளையின் வரிகள், முடிவில் ஏழு > குறி. இந்தக் குறிகளைக் கிட் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிறது. அரைகுறையாக நீக்கி ஓடவிட்டால் பைத்தன் உடனே தொடரியல் பிழை என்று நிற்கும். அது நல்லது, பிழை கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தக் குழுவுக்கு நடந்தது அதைவிட ஆபத்தானது. நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோட் முரண்பாட்டின் மேல் காட்டும் தெரிவுகளில் "இரண்டையும் ஏற்றுக்கொள்" என்பதை அழுத்தினார்கள். இரண்டு பேரின் வேலையும் இருக்கட்டும், ஒருவர் மனமும் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம். குறிகள் மறைந்தன, செயலி ஓடியது, எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 40 மூட்டை, மொத்த எடை 2640 கிலோ, ஈரப்பதன் 17 வீதம். கல்முனை மாணவரின் வரிசையில் 2640 இலிருந்து சாக்குக்கு 40 போனால் 2600. அதில் மூன்று வீதம் 78. நிகர எடை 2522 கிலோ. கல்லடி மாணவியின் வரிசையில் 2640 இல் மூன்று வீதம் 79.2, மீதி 2560.8, சாக்குக்கு 40 போக 2520.8 கிலோ. இரண்டையும் ஏற்றுக்கொண்ட கோப்பிலோ முதல் இரண்டு வரி 2522 ஐத் தருகிறது, அடுத்த இரண்டு வரி அந்த 2522 இலிருந்து மறுபடியும் மூன்று வீதமும் 40 கிலோவும் வெட்டுகிறது. விடை 2406.34. கமக்காரருக்கு 115 கிலோவுக்கு மேல் நட்டம், திரையில் ஒரு சிவப்பு எழுத்தும் இல்லாமல்.

முரண்பாட்டைத் தீர்ப்பது என்றால் ஏன் முரண்பட்டார்கள் என்று கேட்பது. கேட்டபோது சம்மாந்துறை மாணவருக்குப் பதில் தெரிந்திருந்தது: சாக்கில் நெல்லின் ஈரப்பதன் இல்லை, ஆகவே சாக்கைக் கழித்த பிறகே ஈரப்பதன் கழிவு. எந்த வரி தங்க வேண்டும் என்பதை அந்த ஆலைக் கணக்குத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். கிட்டால் முடியாது, விஎஸ் கோட்டாலும் முடியாது. பிழையைப் பிடித்துவைக்க ஒரு சிறு சோதனையும் எழுதினார்கள்: 40, 2640, 17 கொடுத்தால் 2522 வர வேண்டும். மேர்ஜ் முடிந்து கொமிட் போடும் முன் அதை ஓட்டுவது. நடுவில் குழம்பிப்போனால் கிட் மேர்ஜோடு அபோர்ட் என்ற சொல்லைக் கொடுத்து மேர்ஜுக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பலாம். இதைத் தெரியாமல் ஃபோல்டரையே அழித்து மறுபடி குளோன் எடுப்பவர்கள் நிறைய.

வேறொரு பொய் முரண்பாடும் வந்தது. ஆய்வுகூடக் கணினிகள் சில உபுண்டு, வீட்டுக் கணினி விண்டோஸ். இரண்டும் வரி முடிவை வேறு விதமாக எழுதுவதால் ஒரு எழுத்தும் மாறாத கோப்பு முழுதும் மாறியதாக, மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் வந்தது. டொட் கிட்அட்ரிபியூட்ஸ் என்ற கோப்பில் எல்லாக் கோப்புக்கும் டெக்ஸ்ட் சமன் ஓட்டோ என்று ஒரு வரி போட்டுத் தீர்த்தார்கள்.

ஃபோர்ஸ் போட்ட காலை

இப்போது தொடக்கத்துக்கு வருவோம். அக்கரைப்பற்று மாணவர் காலையில் எழுந்து, தன் மூன்று கொமிட்டுகளை மெயினுக்குப் புஷ் போட்டார். மறுக்கப்பட்டது. உங்களிடம் இல்லாத வேலை அங்கே இருக்கிறது, முதலில் அதை எடுங்கள் என்பதே அந்தச் செய்தியின் பொருள். அவர் அதன்படியே கிட் புல் போட்டார். அது வேறொரு செய்தியோடு நின்றது: பிரிந்த கிளைகளை எப்படி இணக்குவது என்று நீங்கள் குறிப்பிட வேண்டும். கிட் 2.33 பதிப்பிலிருந்து, உங்கள் பக்கமும் சேர்வர் பக்கமும் ஆளுக்கொரு கொமிட்டோடு பிரிந்திருந்தால், மேர்ஜா, ரீபேஸா (உங்கள் கொமிட்டுகளைச் சேர்வரில் உள்ளவற்றின் மேல் மறுபடி அடுக்குவது) என்று முன்கூட்டிச் சொல்லாதவரை புல் நின்றுவிடும். இரண்டு சொல்லும் தெரியாத முதலாம் ஆண்டு மாணவருக்கு இது சுவர். மறுபடி புஷ், மறுபடி மறுப்பு. தேடியதில் கிடைத்த முதல் பதில் ஃபோர்ஸ்.

ஃபோர்ஸ் சேர்வரிடம் சொல்வது: மெயின் என்ற பெயர் இனி என் கடைசிக் கொமிட்டைக் காட்டட்டும், முன்பு எதைக் காட்டியது என்று பார்க்காதே. கிளை என்பது ஒரு பெயர்ச்சீட்டு மட்டும். சீட்டைப் பிடுங்கி வேறு கொமிட்டில் ஒட்டியதும், கல்முனை மாணவரின் ஆறு கொமிட்டும் சீட்டில்லாமல் நின்றன. அவை அழியவில்லை. அவருக்கு அது தெரியாது. "எல்லாம் போயிட்டு" என்றுதான் எழுதினார்.

மீட்பு இப்படி நடந்தது. முதலில் நால்வரும் கை வைப்பதை நிறுத்தினார்கள். கல்முனை மாணவர் தன் மடிக்கணினியில் கிட் ஸ்டேட்டஸ், பிறகு கிட் லொக்கை ஒருவரி வடிவில் போட்டுப் பார்த்தார், ஆறும் இருந்தன. அந்த இடத்திலேயே மீட்பு என்ற பொருளில் ஒரு கிளையைத் திறந்து, மெயினைத் தொடாமல், அந்தக் கிளையை மட்டும் புஷ் போட்டார். ஆறு கொமிட்டும் இப்போது சேர்வரில் பத்திரம். மீதியை நிதானமாகச் செய்யலாம். அடுத்து கிட் ஃபெட்ச். அது கோப்புகளில் கை வைக்காது, சேர்வரின் நிலையை அறிந்துவரும். லொக்கோடு கிராஃப், ஓல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததும் இரண்டு கோடாகப் பிரிந்த படம் திரையில் வந்தது. மெயினில் நின்று, சேர்வரின் மெயினைக் குறிக்கும் ஒரிஜின் மெயினை மேர்ஜ் செய்தார், ஒரு சிறு முரண்பாட்டைத் தீர்த்தார், 2522 சோதனையை ஓட்டினார், சாதாரணப் புஷ் போட்டார். சேர்வரில் இருந்த கடைசிக் கொமிட்டும் இப்போது அவர் வரலாற்றுக்குள் இருப்பதால் ஃபோர்ஸ் தேவைப்படவில்லை. நாற்பது நிமிட வேலை.

கல்முனை மாணவரின் மடிக்கணினி மழையில் நனைந்து செத்திருந்தால்? அப்போதும் வழி இருந்தது, அதுவும் ஃபோர்ஸ் போட்டவரின் கணினியிலேயே. புல் என்பது ஃபெட்ச்சும் மேர்ஜும் சேர்ந்தது. அவருடைய புல் இரண்டாம் பாதியில்தான் நின்றது. முதல் பாதி முடிந்து ஆறு கொமிட்டும் அவர் கணினிக்குள் வந்துவிட்டன. கிட் ரெஃப்லொக் ஷோ என்று போட்டு ஒரிஜின் மெயினைக் கொடுத்தால், அந்தப் பெயர் ஃபோர்ஸுக்கு முன் எந்தக் கொமிட்டைக் காட்டியது என்று இரண்டாவது வரியில் இருக்கும். அந்த அடையாள எண்ணில் ஒரு கிளை திறந்தால் போதும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் கேர்னலுக்காகக் கிட்டை எழுதத் தொடங்கியபோது, ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நால்வர் குழுவில் குளோன் எடுத்த ஒவ்வொரு கணினியும் கடைசியாக ஃபெட்ச் போட்ட கணம் வரைக்குமான முழுப் புத்தகம்.

"ஃபோர்ஸ் வித் லீஸ் போட்டிருந்தால் தப்பியிருக்கும்" என்று பலர் அறிவுரை சொல்வார்கள். இந்தச் சம்பவத்தில் தப்பியிருக்காது. சேர்வரின் கிளை நீங்கள் கடைசியாக அறிந்த இடத்திலேயே இருக்கிறதா என்று மட்டும்தான் லீஸ் பார்க்கும். பாதியில் நின்ற புல் அந்த அறிவை ஏற்கனவே புதுப்பித்துவிட்டது, லீஸ் வழிவிட்டிருக்கும். தொடக்க மாணவருக்கு வேண்டியது வேறு இரண்டு: கொன்ஃபிக்கில் புல் புள்ளி ரீபேஸை ஃபோல்ஸ் ஆக்குவது, அதன்பின் புல் மேர்ஜாக நடக்கும், கிட்ஹப்பில் மெயினுக்குக் கிளைப் பாதுகாப்புப் போடுவது, அதன்பின் ஃபோர்ஸ் ஏற்கப்படாது. பொதுவில் திறந்த ரிப்போவுக்கு இலவசக் கணக்கிலேயே பின்னதைப் போடலாம்.

உண்மையில் போனது வேறு

அந்தக் காலைப் பதற்றத்தில் மீளாமற் போனது கல்லடி மாணவியின் மூன்று மணித்தியால வேலை. குழப்பத்தைக் கேள்விப்பட்டு, "சேர்வரில் இருப்பதைப் போலவே எடுப்போம்" என்று கிட் ரீசெட்டை ஹார்ட் சேர்த்துப் போட்டார். பதிவுப் படிவத்தில் அவர் செய்திருந்த மாற்றங்கள் கொமிட்டும் ஆகவில்லை, அட்டும் ஆகவில்லை. கிட் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்காததை அதனால் திருப்பித் தர முடியாது. அட் மட்டும் செய்திருந்தால்கூடக் கிட் எஃப்எஸ்சிகே கட்டளையால் கோப்பின் உள்ளடக்கத்தைத் தோண்டியெடுக்க இடமிருந்தது. விஎஸ் கோட்டின் டைம்லைன் பகுதியில் அவர் சேமித்த சில பழைய வடிவங்கள் இருந்தன; பாதிப் படிவம் அதிலிருந்து வந்தது, மீதியை இரவிரவாகத் திரும்ப எழுதினார்.

ஆறு கொமிட் காணாமற்போய் ஆறும் திரும்பின. கொமிட் ஆகாத ஒரு கோப்பு கிட்டிலிருந்து திரும்பவே இல்லை. குழுவில் எல்லோரும் திட்டியது ஃபோர்ஸ் போட்டவரை. எங்கள் கணிப்பில் இரண்டாவது தவறே பெரிது, அதைச் செய்தவர் எவரையும் பாதிக்கவில்லை என்பதால் மட்டும் அது சிறிதாகத் தெரிந்தது.

எப்படிப் பழக்கியிருக்கலாம்

நால்வருக்கும் கட்டளைகள் தெரியும். அட், கொமிட், புஷ் மூன்றையும் மந்திரம் போல வரிசையாக அடித்தார்கள். மூன்றும் செய்யும் கட்டளைகள். பார்க்கும் கட்டளைகளை, அதாவது ஸ்டேட்டஸ், டிஃப், லொக் மூன்றையும், ஏதாவது உடைந்த பிறகுதான் தொட்டார்கள். மேலே கண்ட சேதங்களில் கிட் வழியாக நடந்த ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஸ்டேட்டஸோ டிஃப்போ இருந்திருந்தால் கை நின்றிருக்கும். டெஸ்க்டொப்பில் இனிட் அடித்தது, என்விரன்மென்ட் உள்ளே போனது, இரண்டு முறை கழித்தது, ரீசெட் போட்டது எல்லாம் அப்படித்தான்.

முதல் வகுப்பு ஒன்றரை மணித்தியாலம் என்றால், கிட்ஹப்பைத் திறக்காமலே நடத்தலாம். ஒரு வெறும் ஃபோல்டர், உள்ளே ஒரே உரைக் கோப்பு, மூன்று மூட்டையின் எடை. முதலில் இனிட் அடித்து அந்தக் கோப்பை அட் செய்து ஒரு கொமிட் போடு. பிறகு ஒரு எண்ணை மாற்று, ஸ்டேட்டஸ் பார், டிஃப் பார், அட் செய், மறுபடி டிஃப் பார், இப்போது வெறுமையாக வரும். ஏன் என்று மாணவர் கேட்க வேண்டும். வேலை ஃபோல்டர், ஸ்டேஜ் (அட் செய்தவை கொமிட்டுக்குக் காத்திருக்கும் இடம்), வரலாறு என்று மூன்று இடம் இருப்பது அந்தக் கேள்வியில்தான் விளங்கும். டிஃப்போடு ஸ்டேஜ்ட் என்று சேர்த்தால் அட் செய்தது தெரியும். பிறகு கொமிட், லொக். இதைப் பத்துத் தடவை.

உயர்தரத்தில் வணிகம் படித்தவர்களுக்கு ரிவேர்ட்டை விளக்குவது இலகு. பேரேட்டில் பிழையான பதிவு விழுந்தால் தாளைக் கிழிப்பதில்லை, எதிர்ப்பதிவு எழுதுகிறோம். ரிவேர்ட் ஒரு எதிர்ப்பதிவு: பழைய கொமிட் இருக்க, அதை நேர்மாறாக்கும் புதுக் கொமிட் ஏறும். ரீசெட் தாளை எடுப்பது. இன்னும் எவருக்கும் காட்டாத உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் செய்யலாம், பகிர்ந்த புத்தகத்தில் கூடாது.

கொமிட்டின் அளவு பற்றி: ஒரு வசனத்தில் "மேலும்" என்ற சொல் இல்லாமல் சொல்ல முடிந்தால் அது ஒரு கொமிட். "ஈரப்பதன் எல்லையை 14 ஆக்கல்" சரி. "படிவம் திருத்தம் மேலும் கணக்கு மாற்றம் மேலும் நிறம்" என்பது மூன்று கொமிட்.

சிக்னல் இல்லாத நாளுக்கு ஒரு ஒழுங்கு. கொமிட்டுக்கு இணையம் தேவையில்லை என்பதே பலருக்குத் தெரியாது. டேட்டா முடிந்தால் வேலையையும் நிறுத்திவிடுகிறார்கள். பென் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்து, அதனுள் நின்று கிட் இனிட்டோடு பெயார் என்று சேர்த்துக் கொடுத்தால் அது ஒரு சின்னச் சேர்வர். உங்கள் ரிப்போவில் கிட் ரிமோட் அட் போட்டு, பென் என்ற பெயரும் அந்த ஃபோல்டரின் பாதையும் கொடுங்கள். பிறகு பென்னுக்குப் புஷ், அடுத்தவர் கணினியில் பென்னிலிருந்து புல். கல்முனை பஸ் நிலையத்தில் பென் கைமாறினாலும் வரலாறு உடையாது. பென்னில் கோப்புகளைத் தேடித் திறக்கப் பார்க்க வேண்டாம்; பெயார் ரிப்போவில் வரலாறு மட்டும் இருக்கும், வேலைக் கோப்புகள் தெரியாது. விண்டோஸில் அந்தப் பென்னை வேறொரு கணினியில் செருகும்போது, ஃபோல்டரின் உரிமை சந்தேகத்துக்குரியது என்று கிட் மறுக்கக்கூடும்; செய்தியிலேயே தரும் சேஃப் டிரெக்டரி வரியை அப்படியே பிரதிபண்ணி அடித்தால் வழிவிடும்.